மஞ்சள் வைக்காத கடிதம்

"பினாங்குக் கடுதாசிய எடுங்கய்யா. மைனிக்கு அத வாசிச்சுக் காட்டிட்டு, பொறவு ஒங்க கடுதாசிய எழுதுதேன்."

கேட்கவே கூடாது என்று பதினோரு மாதமாக எனக்குச் சொல்லப்பட்டிருந்ததை அன்று கேட்டேவிட்டேன். அய்யா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அம்மா கையிலிருந்த குரோஷா ஊசியை மடியில் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்காதவரைக்கும் எங்கள் வீட்டில் எதையும் பேசலாம்.

"மெதுவாப் பேசுளா. காதுல விழுந்துரப் போவுது," என்றாள் அம்மா.

"விழட்டும்னுதான் பேசுதேன்."

"ஒன்னய பி.ஏ. படிக்க வச்சேம் பாரு, என்னயச் சொல்லணும்." அய்யா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தாளை எடு. கார்பனை நேரா அடுக்கு. போன தடவ கொழும்புக்குப் போன நகல்ல பாதி எழுத்து விழலன்னு பால்துரை எழுதியிருந்தான்."

என் அய்யா வன்னியபெருமாள் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவர். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆறு மைலுக்கு அப்பால் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அய்யா கரையில் வெயிலில் நின்று, எது வந்தது, எது நனைந்தது, எது வரவில்லை என்று எழுதி மேலே கொடுப்பார். சண்டைக் காலத்தில் ஓய்வு கொடுத்து, ஒரு கண்ணாடி அலமாரியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் அவர் ஆறு மாதம் தவித்துப்போனார். பிறகு தன்னைப் பற்றியே எழுத ஆரம்பித்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையிலும் ஐப்பசியிலும், 'வீட்டுச் சமாச்சாரம்' என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம். கொழும்பில் கடை வைத்திருக்கும் பால்துரைச் சித்தப்பா, மதுரை அத்தை, சிவகாசி, விருதுநகர்ச் சொந்தங்கள் என்று ஆறு வீட்டுக்கு ஆறு நகல். அவர் சொல்வார், நான் பென்சிலை அழுத்தி எழுதுவேன். கல்லூரிக்குப் போய் நான் படித்த படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் உபயோகம் அதுதான்.

கடிதத்தில் முதலில் ஜூடி வரும். ஜூடி, கம்பெனித் துரை சீமைக்குப் போகும்போது அய்யாவிடம் விட்டுப்போன நாய். அதற்குக் காதில் வந்த புண், அது ஆறிய விதம், அது ரொட்டியை எப்படி இரண்டு முன்னங்காலாலும் பிடித்துத் தின்கிறது என்பதெல்லாம் பன்னிரண்டு வரிக்குக் குறையாமல் இருக்கும். அடுத்து அய்யா விடிகாலையில் கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சோழி, சிப்பிகள், அவற்றை அலமாரியில் அடுக்கிய வரிசை. அம்மா பக்கத்து வீட்டு வேதமணி டீச்சரிடம் குரோஷா கற்றுக்கொண்டு தண்ணீர்ப் பானைக்கும் நாற்காலிக்கும் நாயின் தலையணைக்கும் உறை பின்னிய செய்தி. பிறகு பிரயாணம். குற்றாலத்தில் மூன்று நாள், கன்னியாகுமரி, ராமேஸ்வரம். ஆதிச்சநல்லூருக்கு மாட்டுவண்டியில் போய்ப் பழங்காலத்துத் தாழிகளைப் பார்த்தபோது அம்மா பயந்து வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் கடைசியில், "மருமகள் சௌக்கியம்."

இரண்டே சொல். குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அவளைக் கூட்டிப்போனதில்லை. அவள் வந்துவிட்டால் ஜூடிக்கு எலும்பு வேகவைப்பது யார்?

மைனி பெயர் சுடலைமாடத்தி. வேம்பார்ப் பெண். அவள் அய்யா பிச்சையாவுக்கு அங்கே கருப்பட்டி வியாபாரம். என் அண்ணன் தளவாய்க்கு அவளைக் கட்டிவைத்து நாலு மாதத்தில் அவன் பினாங்குக் கடைக்குக் கப்பல் ஏறினான். மறு வருஷம் ஜப்பான்காரன் வந்தான். அதற்குப் பிறகு நாலு வருஷம் கடிதம் இல்லை, ஆள் இருக்கிறானா இல்லையா என்ற தகவலும் இல்லை. மைனி வெள்ளிதோறும் தலைமுழுகி, தாலிக்கு மஞ்சள் பூசி, எங்கள் மூன்று பேருக்கும் நாய்க்கும் சமைத்துக்கொண்டிருந்தாள். சண்டை முடிந்து, போன கார்த்திகையில் தபால் வந்தது. நான்தான் வாங்கிப் பிரித்தேன். அண்ணன் கையெழுத்து கொஞ்சம்கூட மாறவில்லை.

ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில் ஒரு குடும்பம் அவனை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதாம். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம். இரண்டு பிள்ளைகள். இனிமேல் ஊருக்கு வருவதாக இல்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "சுடலைமாடத்தியை இன்னும் காக்கவைக்க வேண்டாம். அவளிடம் உள்ளதைச் சொல்லி அவள் அய்யா வீட்டில் சேர்த்துவிடுங்கள். உங்களிடம் நான் கேட்கும் காரியம் இது ஒன்றுதான்."

அய்யா அதை இரண்டு தடவை வாசித்தார். மடித்து, கண்ணாடி அலமாரியில் பெரிய சங்குக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். "இது இந்த வீட்டுல யாருக்கும் வரல. கேட்டியா? நீ இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது," என்றார். சித்திரைக் கடிதத்தில், "சிரஞ்சீவி தளவாய் கப்பல் கிடைத்ததும் புறப்பட உத்தேசித்திருக்கிறான்" என்று சொன்னார். நான் எழுதினேன். ஆறு நகலிலும் நன்றாக விழும்படி அழுத்தி எழுதினேன். அதை மைனிக்கு வாசித்தும் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் வாசித்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வீட்டுக் கடிதத்துக்கு இரண்டு சடங்கு உண்டு. எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு தாளின் உச்சியிலும் அய்யா தன் கையால் பிள்ளையார் சுழி போடுவார். கார்பனில் விழுந்த சுழி பிள்ளையாருக்கு ஆகாது என்பது அவர் கட்சி. பிறகு தாள்கள் மைனியிடம் போகும். சுமங்கலி கையால் நாலு முனையிலும் மஞ்சள் வைக்க வேண்டும். அவள் மஞ்சளை உரசி மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைப்பாள். தன்னைப் பற்றிய பொய் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல், அந்தக் காகிதத்துக்கு மங்களம் செய்து கொடுப்பாள்.

அன்று அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சொல்லுதத எழுது," என்றார் அய்யா. "தளவாய்க்குக் கப்பல்ல எடம் கெடைக்கத் தாமதமாவுது. தை மாசம் வந்துருவான்."

"எழுத மாட்டேன்."

"சிவகாசியிலேருந்து ஒன்னயப் பாக்க வாரதா சொல்லியிருக்காவ. அண்ணங்காரன் எவளையோ சேத்துக்கிட்டான்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"எவனும் வர வேண்டாம்."

"ஏளா, எனக்கு மொழங்கால் மடங்க மாட்டேங்கு," என்றாள் அம்மா. "அந்தப் பிள்ளையும் போயிட்டா இந்த வீட்டுல யாரு கெடந்து மாரடிக்க? நீ சோறு பொங்குவியா?"

உண்மை அம்மாவிடமிருந்துதான் முதலில் வரும். எப்போதும் அப்படித்தான்.

அய்யா நாயையும் சங்கையும் ராமேஸ்வரத்தையும் சொல்லிக்கொண்டே போனார். நானும் எழுதிக்கொண்டே போனேன். அண்ணன் இடம் வந்ததும் அவர் சொன்னதை விட்டுவிட்டு என் வரி ஒன்றை எழுதினேன். "தளவாயைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை." பொய் எழுத மாட்டேன், உண்மையை எழுத விட மாட்டார்கள், அப்படியென்றால் எழுதவேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. படித்தவளின் சாமர்த்தியம். அய்யா பார்த்துவிடுமுன் தாள்களை மடித்து, விலாசம் எழுதி வைத்திருந்த உறைகளுக்குள் போட்டு, ஒட்டி, பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன்.

"சுழி போடலயே ளா!" அய்யா கத்தினார்.

தெருவில் இறங்கியபோது பின்னாலிருந்து மைனியின் குரல். "வடிவு! ஏளா சண்முகவடிவு! மஞ்சள் வைக்கலயே!" உரசிய மஞ்சளோடு வாசல் வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். எனக்குக் கேட்டது. சுழியாவது மஞ்சளாவது என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். தபாலாபீஸ் பெட்டிக்குள் ஆறு உறையும் விழுந்த சத்தம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சுழியும் மஞ்சளும் இல்லாமல் ஒரு கடிதம் எப்போது வரும் என்பது பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். வாசித்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள். எனக்கு மட்டும் அது தோன்றவில்லை. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அய்யா அலமாரிக் கதவைத் திறந்துவைத்துச் சோழிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. பால்துரைச் சித்தப்பா இறங்கினார். தலைமன்னார், தனுஷ்கோடி வழியாக மூன்று நாள் அலைந்து வந்த அழுக்கு. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடி வந்து அய்யாவைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணே! பெத்த பிள்ளைய வாரிக் குடுத்துட்டியேண்ணே! சுழி இல்லாத காயிதத்தக் கையில வாங்குன ஒடனே என் ஈரக்கொலை அத்துப்போச்சே! தளவாய், ஏலே தளவாய், ஒன்னய எம் மடியில வச்சுல்லா சோறு ஊட்டுனேன்!"

அய்யா கையில் துணியோடு அப்படியே நின்றார். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பா அழுகைக்கு நடுவே, "எழுத ஒண்ணுமில்லன்னு ஒரே வரியில எழுதிட்டியே" என்றதும் அய்யா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று உருண்டது. மைனி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சித்தப்பாவைப் பார்க்கவில்லை, அய்யாவைத்தான் பார்த்தாள். 'அப்படி இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்ற மாதிரி பார்த்தாள்.

நானும் அவரையே பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார். இனி சொல்லாமல் முடியாது.

அய்யா சொல்லவில்லை. அவர் முகத்தில் துக்கம் இல்லை. கொந்தளிப்பில் திணறிய தோணி ஒன்று தானாகக் கரைக்கு வந்துவிட்டதைப் பார்க்கிறவர் போல மெதுவாக ஒரு நிதானம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேசுனியோ, நான் கெணத்துல விழுந்துருவேன்," என்று காதுக்குள் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அய்யோ எம் மவனே" என்று குரலெடுத்தாள். மைனி கீழே விழுந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வேதமணி டீச்சர் ஓடி வந்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. நான் திறந்த வாயை மூடிவிட்டேன். யாரும் பிடித்து மூடவில்லை. நானேதான் மூடினேன்.

கடிதம் கிடைத்தும் நம்ப முடியாமல் இருந்தவர்கள் சித்தப்பா கொடுத்த தந்தியைக் கண்டு புறப்பட்டார்கள்; மறுநாள் மதுரையிலிருந்து அத்தை வந்தாள். சிவகாசியிலிருந்தும் ஆள் வந்தது. எல்லாரும் அதே கடிதத்தைத்தான் சொன்னார்கள். அண்ணன் ஜப்பான்காரன் குண்டில் செத்ததாக ஒருவர் சொன்னார். காய்ச்சல் என்றார் ஒருவர். மூன்றாம் நாளுக்குள் அவன் கடைசியாகக் கேட்டது தண்ணீர் என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அய்யா எதையும் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். செய்தி வந்த நாளிலிருந்து பதினாறாம் நாள் காரியம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு மைனியின் தாலியை வாங்கிவிட வேண்டும். வேம்பாருக்கு மட்டும் யாரும் ஆள் அனுப்பவில்லை. "பிச்சையாவுக்கு மொத நாள் சொன்னாப் போதும்," என்று அய்யா அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "முன்னாலயே வந்தா அவன் காயிதத்தக் காட்டுன்னு நிப்பான்."

மைனியை உள் அறை மூலையில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தலையை விரித்துவிட்டிருந்தார்கள். வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழுது அழுது குரல் போய், பிறகு சும்மா ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஏழு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று அவளிடம் போவேன். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது நொண்டிச் சாக்கு. எனக்குப் பயம். அவளுக்குப் பயப்படவில்லை, அவள் என்னிடம் கேட்கப்போகிற கேள்விக்குப் பயந்தேன்.

எட்டாம் நாள் காலையில் அய்யா குளிக்கப் போனபோது அலமாரிச் சாவி நாற்காலிமேல் கிடந்தது. சங்குக்குப் பின்னால் கடிதம் அப்படியே இருந்தது. முன்கூடத்தில் பெண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு மைனியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மைனி, அண்ணன் சாகல."

அவள் ஆடுவது நின்றது.

நான் முழுவதையும் வாசித்தேன். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. முடிந்ததும் அவள் காகிதத்துக்குக் கை நீட்டினாள். இரண்டு கையாலும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம் பேரு எங்கன இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். அவள் தன் விரலை அதன்மேல் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போனாள்.

"இம்புட்டு நீளமா," என்றாள்.

பிறகு கேட்டாள். "எப்ப வந்துது இது?"

"போன கார்த்திகையில."

"நீ எப்ப படிச்ச?"

"வந்த அன்னைக்கே."

"சித்திரையில எனக்கு வாசிச்சுக் காட்டுனியே, கப்பல் கெடச்சதும் வருவாவன்னு. அத ஆரு எழுதுனது?"

"அய்யா சொன்னாவ. நான்தான் எழுதுனேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "படிச்ச புள்ள," என்று மட்டும் சொன்னாள். அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. சும்மா, ஒரு சாமானின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முன்கூடத்தில் யாரோ புதிதாக வந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். மைனி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைய ரெண்டும் என்ன?"

"ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு."

"நல்லா இருக்கட்டும்," என்றாள். அடுத்த நொடி அவள் முகம் கோணியது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. ஏழு நாளாக ஊர் பார்க்க அவள் அழுத அழுகை வேறு, இது வேறு. நான் அவளைத் தொட்டேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தானே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வா மைனி, இப்பவே போவோம்," என்றேன். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."

"நீ பி.ஏ. தான். கூறு கெடயாது ஒனக்கு. துக்க வீட்டுலேருந்து நான் தனியாப் போனா என்ன சொல்லுவாவ? புருசன் செத்த எட்டாம் நாளு ஓடிட்டாம்பாவ. எங்கய்யா மூஞ்சியில முழிக்க முடியுமா?" "நீ வேம்பாருக்குப் போ. இந்தக் காயிதத்த எங்கய்யா கையில குடு. எழுத்து தெரிஞ்ச ஆளை வச்சு வாசிக்கச் சொல்லு, நீ வாசிக்காத. வண்டி கட்டி, ஊருல நாலு பேரக் கூட்டிட்டு, பதினாறுக்கு முன்ன வரச் சொல்லு. நான் இந்தத் தெரு பாக்கத் தாலியோட வண்டி ஏறணும். பொறவு அதக் கழட்டுததா, கெடக்கட்டுமான்னு நான் பாத்துக்கிடுதேன். இவுக கையால அறுக்க விட மாட்டேன்."

நீ வாசிக்காதே என்றாளே, அது சரிதான். என் வாசிப்பை அவள் இனி நம்ப வேண்டியதில்லை.

கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அய்யா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்தப்பா. முன்னால் தாள்கள் அடுக்கி, கார்பன் வைத்து, பென்சிலும் சீவி வைத்திருந்தது.

"வடிவு, ஒக்காரு. காரியத்துக்குக் கடுதாசி எழுதணும்," என்றார். நான் உட்காரவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "எங்கள் ஏக புத்திரன் தளவாய் பினாங்கில் காலமாகிவிட்டபடியால், எதிர்வரும்..." நிறுத்தி யோசித்தார். "கடைசியில இதயும் சேத்துக்கோ. காரியம் முடிந்தபின் நானும் சம்சாரமும் காசிக்குப் போய்ப் பிண்டம் போட்டு வர உத்தேசம். அலகாபாத் வழி."

"காசியா?" என்றேன்.

"பின்ன? பெத்த கடன் இருக்குல்லா?"

உயிரோடு இருக்கிற மகனுக்குப் பிண்டம் போட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார்கள். ஐப்பசிக்குப் பிறகு வரும் சித்திரைக் கடிதத்தில் அது நாலு பாரா வரும். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நான் எழுத மாட்டேன்யா. நான் வேம்பாருக்குப் போறேன்."

அய்யா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பெரிய சங்கு கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவர் வாழ்க்கை முழுவதும் எது குறைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தவர்.

"பால்துரை, நீ போயி வந்தவங்களக் கவனி," என்றார். சித்தப்பா புரியாமல் எழுந்து போனார். அய்யா கத்தவில்லை. "நானா இதத் தொடங்குனேன்? நீ எழுதுன வரி. நீ போட விடாத சுழி. ஊரு அவனக் கொன்னுட்டு. இனி நான் எழுப்பிக் காட்டணுமா? செத்தவன் பொஞ்சாதின்னா இங்கன ஒரு மூலையில மவளாக் கெடப்பா. விட்டுட்டுப் போனவன் பொஞ்சாதின்னா வேம்பார்ல அவளுக்கு என்ன மரியாத? யோசிச்சியா?"

"யோசிக்கல. அவகிட்ட கேட்டேன்."

அது அவருக்குத் தோன்றாத வழி என்று நினைக்கிறேன்.

"நீ போயிட்டேன்னா சிவகாசிக்காரன்..."

"தெரியும்."

"இந்த வீட்டுல பொறவு..."

"அதும் தெரியும்யா."

முன்கூடத்தில் பதினைந்து பெண்களாவது இருந்தார்கள். மதுரை அத்தை நடுவில். என்னைக் கண்டதும் ஒருத்தி கையைப் பிடித்துக் கட்டிக்கொண்டு அழ இழுத்தாள். "கூடப்பொறந்தவன எழவு குடுத்த தங்கமே!" நான் அவள் கையைப் பிரித்துவிட்டு நடந்தேன். அம்மா அவர்களுக்கு மத்தியில் இருந்தாள். என் தோளில் பை இருப்பதைப் பார்த்துவிட்டாள். எழுந்திருக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் நம்பிக்கையோடு இருந்தாள். துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சத்தமில்லாமல் எழுந்து, வாசலில் காலைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போனால் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

வாசல்படியில் இறங்கித் திரும்பி நின்றேன். வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"அய்யா, அம்மா, நான் போயிட்டு வாரேன்."

ஒப்பாரி அறுந்தது. அத்தை நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், "ஏ பாவி மட்ட, எழவு வீட்டுல என்ன வார்த்த சொல்லுதா!" என்றாள். எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் வடக்கேயிருந்து பனையோலை வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மழை பிடிக்குமுன் உப்பு அம்பாரங்களை மூட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு வண்டி, தெருவை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கச் சுவரிலும் ஓலை உரச உரச வந்தன. ஒதுங்க இடமில்லை. முதல் வண்டிக்காரர், "ஏ தாயி, எதுக்க வாரியே, ஓலை கிழிச்சிரும்," என்று குரல் கொடுத்தார். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி, அந்த ஓலைகளுக்குள் நடந்தேன்.